வாப்பாவுக்குத் தெரியாமல் அரசை எதிர்ப்பது எப்படி?

கொழும்பில் தனியறை எடுத்து, சாப்பாட்டைக் கடையில் முடித்து, பெருநாளுக்கு மட்டும் ஊருக்கு வந்து போகிறவர்களுக்கு இந்தக் கையேடு தேவைப்படாது. அவர்கள் காலையில் அரசை எதிர்க்கலாம், மாலையில் ஓய்வெடுக்கலாம். வாப்பாவின் கூரைக்குக் கீழே படுத்து, உம்மாவின் சோற்றைத் தின்று, ராத்தாவின் நியமனக் கடிதத்துக்காகக் குடும்பமே துஆக் கேட்டுக்கொண்டிருக்கும் பொத்துவில் வீடொன்றில் இருந்தபடி அரசை எதிர்ப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

உங்கள் எதிர்ப்பு எந்த ரகம் என்று அதிகம் யோசிக்காதீர்கள். இப்போதிருக்கும் அரசாங்கம் சரியில்லை என்பவர் இருக்கிறார். பயங்கரவாதத் தடைச் சட்டமும் முகாம்களும் செயலணிகளும் இல்லாத அரசு வேண்டும் என்பவர் இருக்கிறார். அரசு என்ற ஏற்பாடே மனிதனுக்கு வேண்டாத சுமை என்று படித்துத் தெளிந்தவரும் இருக்கிறார். மூவருக்கும் வீட்டில் கிடைக்கும் மருத்துவ அறிக்கை ஒன்றுதான்: "இவனுக்கு ஆரோ என்னத்தையோ குடுத்திட்டாங்க." அடுத்த நாள் ஓதிய தண்ணீர் வரும். குடித்துவிடுங்கள். கொள்கைக்கு அதனால் பங்கம் வராது.

வீட்டைக் கணக்கெடுத்தல்

ஒரு கொப்பியை எடுத்து, வீட்டுக்குள் அரசு எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எழுதுங்கள். மூத்தப்பாவின் ஓய்வூதியம். மாமியின் அஸ்வெசும. வட்டைக்கு வரும் உர மானியம். சாச்சாவின் மின்சார சபை உத்தியோகம். குடியிருக்கும் வளவுக்கு உறுதி இல்லை, பெர்மிட்தான். அதில் ஒரு கையெழுத்து இன்னும் பாக்கி. ராத்தா பட்டதாரி, நியமனம் வரவில்லை. ஆகவே வீட்டில் அரசுக்கு மிகக் கூடுதலாகக் கட்டுப்பட்டவள் அவள்தான். எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போடுங்கள். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எங்கள் வீடுகளில் எந்தப் பட்டியலும் பாதுகாப்பானதல்ல.

இந்தக் கணக்கெடுப்பின் பயன் நேரம் பார்க்கக் கற்றுக்கொள்வது. ஓய்வூதியம் வரும் நாளில் அரசின் ஒடுக்குமுறையைப் பற்றிப் பேசக் கூடாது. உர மானியம் வங்கியில் விழுந்த வாரத்திலும் கூடாது. ராத்தாவின் நேர்முகப் பரீட்சைக்கு முந்திய இரவில் பேசினால் உம்மா உங்களை மன்னித்தாலும் ராத்தா மன்னிக்க மாட்டாள். மிச்சமிருக்கும் நாட்களில் பேசலாம். அவை அதிகமில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நமது கரையோரத்தில் சனம் தெருவுக்கு இறங்கிய போராட்டங்களில் பாதி, அரசு இன்னும் கிட்ட வர வேண்டும் என்று கேட்டுத்தான் நடந்திருக்கின்றன. சாய்ந்தமருதுக்காரர் கல்முனை மாநகர சபையிலிருந்து பிரிந்து தங்களுக்கென்று ஒரு சபை கேட்டார்கள். 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பெரிய பள்ளிவாசலே முன்னின்று ஒரு சுயேச்சைக் குழுவைத் தோடம்பழச் சின்னத்தில் இறக்கியது. பெரிய கட்சிகள் அந்தத் தோடம்பழத்தில் வழுக்கி விழுந்தன. 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்தது, வெடி கொளுத்தினார்கள், சில நாட்களிலேயே அது நிறுத்தப்பட்டது. கல்முனையில் 2019 ஜூனில் வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தச் சொல்லித் தமிழர் உண்ணாவிரதம் இருந்தார்கள். தரமுயர்த்தக் கூடாதென்று முஸ்லிம்கள் எதிரே போய் உட்கார்ந்தார்கள். பொத்துவில் தனிக் கல்வி வலயம் கேட்டுக் கேட்டுத் தொண்டை காய்ந்த ஊர். ஒரு முத்திரைக்கும் ஒரு கையொப்பத்துக்கும் அக்கரைப்பற்று வரை பஸ் ஏறிப் போய்த் திரும்பும் சனத்திடம் "அரசே வேண்டாம்" என்றால், "அது எங்க தம்பி இருக்கி, வேண்டாம் எண்டு செல்றதுக்கு?" என்றுதான் கேட்பார்கள். இதற்கு இதுவரை எந்தச் சித்தாந்தியும் பதில் எழுதி நான் பார்க்கவில்லை.

வாப்பாவும் துவக்கும்

அரசென்பது நியாயமானதென ஏற்கப்பட்ட வன்முறையின் ஏகபோகம் என்று 1919இல் மாக்ஸ் வெபர் சொன்னதை எங்காவது படித்திருப்பீர்கள். அதை வாப்பாவிடம் சொல்லிப் பார்க்க ஆசை வரும். சொல்லாதீர்கள். வெபரைப் படிக்காமலே வாப்பா அதை அறிந்தவர். அந்த ஏகபோகத்தின் ஒரு சிறு பங்கு, சொட்கன் வடிவில், ஒரு காலத்தில் அவருடைய தோளிலேயே தொங்கியது.

1990 ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களுக்குள் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் மௌத்தானார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். அந்த ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் முழுப் பேரும் உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டார்கள். அரசு அப்போது எங்கள் ஊர்களுக்குத் துவக்குக் கொடுத்து ஊர்காவல் படை அமைத்தது. இரவு முழுக்க எல்லையில் விழித்திருந்து, சுபஹுத் தொழுதுவிட்டு வட்டைக்குப் போன ஆட்கள் இன்றைக்கு எழுபதை எட்டுகிறார்கள். அரசு என்று நீங்கள் சொல்லும்போது உங்கள் மனதில் வருவது ஒரு நூலின் அட்டை. அவர்கள் மனதில் வருவது அந்த இரவில் தோட்டா எண்ணிக் கொடுத்த கை.

இதனால் வாப்பா அரசை நேசிக்கிறார் என்று முடிவு கட்டினால் நீங்கள் அவரைப் படிக்கவேயில்லை. 2006 செப்டம்பரில் இறத்தல்குளத்தில் அணைக்கட்டு வேலைக்குப் போன பொத்துவில் ஆட்கள் பத்துப் பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அரசாங்கம் புலிகளைக் கை காட்டியது. ஊர் விசேட அதிரடிப்படையைக் கை காட்டியது. ஜனாஸாக்கள் ஊருக்கு வந்த நாளைப் பற்றி வாப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். வேலியைப் பார்த்துக்கொண்டு, "மழை வரும் போல" என்பார். அரசு யாரென்று அவருக்கு உங்களைவிடத் தெளிவாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சோதனைச் சாவடியில் சைக்கிளை விட்டு இறங்கினார், தெரிந்துகொண்டுதான் சிரித்தார். நீங்கள் அடிமைப் புத்தி என்று பெயர் வைத்திருக்கும் அந்தச் சிரிப்பு, உங்களைப் படிக்க வைக்கும் வரைக்கும் உயிரோடு இருப்பதற்காக அவர் கட்டிய தவணைப் பணம்.

இந்தப் பகுதிக்குச் செய்முறை கிடையாது. அவர் பேசினால் கேளுங்கள். நிறுத்தினால் இடையில் புகுந்து முடித்து வைக்காதீர்கள்.

சித்தாந்தத்தை யூரியாவில் கரைத்தல்

2021 மே மாதம் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ இரசாயன உரத்தை ஒரே வர்த்தமானியில் நிறுத்தினார். நாட்டின் அரிசிப் பானை என்று பெயரெடுத்த அம்பாறை மாவட்டத்தில் பெரும்போகம் மஞ்சளாகிப் போனது. நவம்பரில் தடையைக் கைவிட்டார்கள். பயிர் அதற்காகக் காத்திருக்கவில்லை. கொழும்பில் ஏதோ ஒரு மேசையில் உட்கார்ந்து, வட்டையை ஒருமுறைகூட மிதிக்காத ஒருவர், இத்தனை இலட்சம் ஏக்கரில் என்ன போட வேண்டும் என்று முடிவெடுக்கிறார். அவரைத் தடுக்க யாருக்கும் வழியில்லை. அரசின்மைவாதிகள் நூற்றைம்பது வருடமாக விளக்கிக்கொண்டிருக்கும் பாடம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது. அந்தப் போகத்தில் வாப்பா வரம்பில் நின்று வானத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளைக் குரோபோட்கின்கூட அச்சில் போட்டிருக்க மாட்டார். நீங்கள் செய்ய வேண்டியது, அவரே சொன்னதை அவ்வப்போது அவருக்கு ஞாபகப்படுத்துவது மட்டுமே. "நீங்கதானே வாப்பா அண்டைக்குச் சென்னீங்க" என்று தொடங்குங்கள். எந்த மேற்கோளையும் விட இது பலமானது.

குரோபோட்கினைக் குறிப்பிட்டது சும்மா இல்லை. வீட்டில் புரிந்துகொள்ளப்படாத வேதனையில் நீங்கள் துவளும்போது அவரை நினைத்துக்கொள்ளலாம். 1842இல் மொஸ்கோவில் பிறந்த இளவரசர். அவருடைய வாப்பாவுக்கு ஏறத்தாழ 1,200 ஆண் பண்ணையடிமைகள். மகன் சார் மன்னரின் அரண்மனையிலேயே ஏவலராக இருந்து படித்து, காவற் படையில் உயர் பதவி எடுக்கலாம் என்ற நிலையில் சைபீரியாவுக்குப் போகிறேன் என்றார். அந்த வீட்டில் அன்று நடந்திருக்கக்கூடிய சண்டையோடு ஒப்பிட்டால், ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பம் போடவில்லை என்று உங்கள் உம்மா இரண்டு நாள் முகம் கொடுக்காததெல்லாம் கணக்கில் வராது.

வாதத்துக்கு அஷ்ரஃபை எடுக்கும்போது மட்டும் கவனம். கல்முனையிலிருந்து பொத்துவில் வரை எந்த வீட்டிலும் செல்லுபடியாகும் நாணயம் அவர். 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் பக்கம் நின்று தமிழீழத்துக்கு ஆதரவாக மேடையேறிய இளம் சட்டத்தரணி அவர். அதைவிடக் கடுமையாக அரசை எதிர்க்க முடியாது. வாப்பாவின் தலைவர் செய்ததை மகன் செய்தால் என்ன? வாதம் கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் கதை அங்கே நிற்பதில்லை. 1981இல் அவருடைய முஸ்லிம் காங்கிரஸ் பிறந்தது, 1989இல் அவர் பாராளுமன்றம் போனார், 1994இல் துறைமுக அமைச்சரானார், பின்னர் ஒலுவிலில் பல்கலைக்கழகம் வந்தது. வாப்பா அந்த வரிசையைக் கண்ணுக்கு முன்னால் ஓட்டிப் பார்ப்பார். பிறகு உங்களை ஒரு புதிய கண்ணால் பார்ப்பார். உங்கள் அரச எதிர்ப்பைக் குடும்பம் முதலீடாகக் கருதத் தொடங்கும் ஆபத்தான கட்டம் இது. "பிரதேச சபைக்குக் கேட்டா எந்த வட்டாரம் சரி வரும்?" என்று சாச்சா கேட்க ஆரம்பித்தால், உடனே பேச்சை யூரியாவுக்குத் திருப்புங்கள்.

மரம், மயில், குதிரை என்று எந்தச் சின்னத்துக்குப் புள்ளடி போடும் வீடானாலும் ஒரு திகதியை நீங்களாக எடுக்காமல் இருப்பது நல்லது: 2020 ஒக்டோபர் 22. கொரோனாவில் மௌத்தானவர்களின் ஜனாஸாக்களை எரித்துக்கொண்டிருந்த அதே அரசாங்கம் கொண்டுவந்த அரசியலமைப்பின் 20ஆவது திருத்தத்துக்கு முஸ்லிம் காங்கிரசின் ஐந்து உறுப்பினரில் நால்வர் கை உயர்த்தினார்கள். தலைவர் ஹக்கீம் மட்டும் எதிர்த்தார். "அடக்க விடுவாங்க எண்டு நம்பித்தான் போட்டாங்க" என்று வாப்பா சொல்வார். சொல்லும்போது அவருக்கே அது பிடிக்காது. வென்ற சந்தோசம் உங்களுக்கும் இருக்காது.

புத்தகம், போன், சீலைத்துணி

2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் குண்டு வெடித்த பின்பு, தேடுதல் வருகிறது என்று கேட்ட வீடுகளில் சனம் முதலில் தொட்டது புத்தக அலுமாரியை. அரபு எழுத்து இருந்தவை, அட்டை கறுப்பாக இருந்தவை, தலைப்பு விளங்காதவை எல்லாம் அடுப்புக்கும் கிணற்றுக்கும் போயின. அதிலே ஹதீஸ் தொகுப்பும் போனது, உயர்தர இரசாயனவியல் குறிப்பும் போனது. ஆகவே உங்களுடைய நூல்களை உம்மா துணிக்கடைப் பையில் சுற்றி ஆட்டுக் கொட்டிலில் வைத்திருந்தால், அதைத் தணிக்கை என்று நினைத்துக் கோபப்படாதீர்கள். அவளுடைய பார்வையில் அது நூலகப் பராமரிப்பு.

உம்மாவின் பயம் மிகையானது என்று சிரிக்க முன்பு சில விபரங்கள். 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு பெண், உடுப்பில் தர்மச் சக்கரம் இருந்ததாகக் கைதானார். துணியில் இருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். அவரைப் பிடித்தது எந்தச் சட்டத்தின் கீழ் என்று பாருங்கள்: குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச சமவாயத்தை நாட்டுச் சட்டமாக்க 2007இல் கொண்டுவந்த சட்டம். உரிமைச் சட்டத்தாலேயே உள்ளே போடலாம் என்பதைக் கண்டுபிடித்த நாடு இது. ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் ரம்ஸி ராஸிக், வெறுப்புப் பிரசாரத்துக்குப் பேனாவாலும் கணினியாலும் பதில் கொடுப்போம் என்ற பொருளில் 2020 ஏப்ரலில் பேஸ்புக்கில் எழுதினார். ஐந்து மாதம் சிறையில் இருந்தார். அந்த மே மாதம் மன்னார்க் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீமைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். காரணம் 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதி. தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகளும் இருந்த நூல் அது. பிணை கிடைத்தது 2021 டிசம்பரில், விடுதலை கிடைத்தது 2023 டிசம்பரில். இலங்கையில் ஒரு தமிழ்க் கவிதை நூலை அரசு இவ்வளவு பொறுமையாக வாசித்தது அதற்கு முன் நடந்திருக்காது.

அரசாங்கம் மாறினால் இதெல்லாம் மாறும் என்று 2024இல் உங்கள் வீட்டில் நீங்கள்தான் வாதாடியிருப்பீர்கள். 2025 மார்ச்சில் கொழும்பில் இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டியதற்காக இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் அதே சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டார். 1979இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கிய சட்டம் அது. அவசரத்துக்குப் போட்ட தகரக் கொட்டிலில் பேரப்பிள்ளைகளும் குடியிருப்பதைப் போல, எதிர்க்கட்சியில் இருக்கும்போது அதைப் பிடுங்குவோம் என்றவர்களும் ஆட்சிக்கு வந்ததும் அதற்குள்ளேயே படுத்துக்கொள்கிறார்கள்.

அறுகம்பேயில் சேர்ஃப் பலகை வாடகைக்கு விடும் காக்கா ஒருவர் குடும்பத்தில் இருந்தால் விஷயம் இன்னும் சிக்கல். அவருடைய அரசியல் சித்திரையில் தொடங்கி ஐப்பசியில் முடியும். அலை நல்லா இருக்கும் மாதங்களில் இஸ்ரேல் பயணிகள் நிறைய வருகிறார்கள். அவர்கள் கொடுக்கும் காசில் அவர் பலஸ்தீனத்துக்காக அழுது, ஜும்ஆவில் நிதியும் கொடுக்கிறார். 2024 ஒக்டோபர் 23 அமெரிக்கத் தூதரகம் அறுகம்பேக்குப் போக வேண்டாம் என்று எச்சரித்தது. மறுநாள் தெருவில் பயணிகளைவிடப் பொலிஸ் கூட. "ஆமி வந்தாலும் பரவாயில்ல, ஆக்கள் வந்தாச் சரி" என்பது காக்காவின் நிலைப்பாடு. அவருடன் வாதம் வேண்டாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போடும் ஸ்டிக்கர் யாருடைய போனில், எந்தச் சாவடியில், எந்த நேரம் திறக்கப்படும் என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். குழுவில் "குட் மோர்னிங்" பூப் படம் போடலாம். அதற்கு இன்னும் யாரும் கைதாகவில்லை.

ஊர்வலம் வீட்டு வாசலால் போகும்போது

மற்ற ஊர்க்காரர் போராட்டத்துக்கு பஸ் ஏறிப் போக வேண்டும். நமக்கு அது வாசலில் தொடங்கியது. 2021 பெப்ரவரி 3 'பொத்துவில் முதல் பொலிகண்டி வரை' பேரணி இங்கிருந்து கிளம்பி, 7ஆம் திகதி வடமராட்சிக் கரையில் முடிந்தது. காணி அபகரிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர், மலையகச் சம்பளம், ஜனாஸா எரிப்பு என்று எல்லாக் கோரிக்கையும் ஒரே பதாகையில். வழிநெடுகப் பொலிஸ் நீதிமன்றத் தடையுத்தரவோடு நின்றது. கல்முனை, காத்தான்குடி, ஓட்டமாவடியில் முஸ்லிம்கள் சேர்ந்தார்கள். 1990க்குப் பிறகு தமிழரும் முஸ்லிம்களும் ஒரே ரோட்டில் ஒரே திசையில் நடந்தது அபூர்வம்.

இப்படிப்பட்ட நாளில் பொய் சொல்லிவிட்டுப் போவது பயனற்றது. நேரலையில் உங்களை முதலில் காண்பது சவூதியில் இருக்கும் மாமா. இங்கே உம்மாவுக்குச் செய்தி வருவது அவர் வழியாக. நேரே வாப்பாவிடம் போய் "ஜனாஸாவுக்காகப் போறன்" என்று சொல்லுங்கள். பிறந்து இருபது நாளான குழந்தையை எரித்த செய்தி வந்த டிசம்பரில், பொரளைக் கனத்தை வேலியில் சனம் வெள்ளைத் துணி கட்டியபோது, வாப்பாவும் கடப்பில் ஒரு துண்டு கட்டினார் என்பதை மறந்துவிடாதீர்கள். அதை அவர் அரசியல் என்று நினைக்கவில்லை. அதனால்தான் கட்டினார். "போ. ஆனா நான் கேக்கல்ல, நீ செல்லல்ல" என்பார். கிழக்கிலங்கை வாப்பாமார் தரக்கூடிய உச்ச அரசியல் அங்கீகாரம் இது. இதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். குடையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.

அடுத்த வருடம் நோன்பில் காலிமுகத்திடல் போராட்டக் களத்தில் இப்தார் நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து உம்மா கண் கலங்கியிருப்பாள். கோட்டாபய ஓடிய அந்த ஜூலை நாட்களில் வீடு முழுவதும் உங்கள் கட்சியில் இருந்தது. கேஸ் சிலிண்டர் வந்ததும் கலைந்துவிட்டது.

கலியாணம்

ஆண்களுக்கு: இந்தக் கரையில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிறவர். வீடு அவள் பேரில். ஆகவே அரசை எதிர்க்கும் ஆணின் கதி, ஒரு வாப்பாவிடமிருந்து தப்பி, ஓய்வுபெற்ற கிராம சேவகரான மாமாவின் கூரைக்குள் போய் விழுவதுதான். பெண் கேட்டுப் போகும்போது "தொழில்?" என்பார்கள். "சமூக செயற்பாட்டாளர்" என்று சொல்லாதீர்கள். "புரொஜெக்ட் ஒண்டு செய்யறார்" என்று உங்கள் சாச்சி சொல்லட்டும். கேட்கிறவர்களுக்குச் சம்பளம் டொலரில் என்று கேட்கும்.

பெண்களுக்கு நிலைமை சுவாரசியமானது. "உன்ன ஆரு முடிப்பான்?" என்பதுதான் உங்கள் வாயை அடைக்க வீட்டில் இருக்கும் ஒரே ஆயுதம். ஆனால் ஊர் வழக்கப்படி வீடு உங்களுக்குத்தான். வாப்பாவும் உம்மாவும் பின்னால் சின்ன வீடு கட்டிப் போகப் போகிறவர்கள். சொந்தக் கூரையோடு அரசை எதிர்க்கும் வசதி அந்தக் கூரைக்குள் வந்து குடியேறும் எந்தப் புரட்சிக்காரனுக்கும் கிடையாது. இதை வீட்டில் உரக்கச் சொல்ல வேண்டாம். அறிந்து வைத்திருந்தால் போதும்.

குடும்பம் உங்களை முந்தும்போது

இது நடக்கும். எதிர்பாராத ஒரு காலையில், அளவு நாடாவும் மஞ்சள் கற்களும் வந்து இறங்கும் நாளில் நடக்கும். பொத்துவில் கடற்கரையில் முஹுது மகா விகாரை இருக்கிறது. விகாரமகாதேவி கரையேறிய இடம் என்று சொல்கிறார்கள். அதற்குரிய நிலம் 72 ஏக்கர் என்று ஒரு கணக்கு, 30 ஏக்கர் என்று இன்னொரு கணக்கு, இரண்டுக்கும் நடுவே முஸ்லிம் குடும்பங்களின் அடுப்படிகள். 2020 மே மாதம் பாதுகாப்புச் செயலாளர் கமல் குணரத்ன நேரில் வந்து பார்த்தார், கடற்படை வந்து தங்கியது. ஜூனில் கிழக்கின் தொல்லியலுக்கென்று ஒரு ஜனாதிபதி செயலணி, அவரே தலைவர். தமிழர் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கு அமைத்த அந்தச் செயலணியில் முதலில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. சிங்களவர் தப்பினார்கள் என்றும் நினைக்க வேண்டாம். கொஞ்சம் தெற்கே பாணமையில் ராகம்வெல, சாஸ்திரவெல ஆட்களை 2010 ஜூலையில் குடிசை எரித்து விரட்டிவிட்டுப் படையினர் அந்த நிலத்தில் குந்தினார்கள். 2016 மார்ச்சில் சனம் தாங்களாகவே உள்ளே போனது.

கல் நாட்டப்பட்ட அன்று வாப்பா பேசுவதைக் கேட்டால் நீங்கள் மிதவாதி என்று உங்களுக்கே தோன்றும். சாவடியில் சிரித்த மனிதர் சர்வேயரின் அளவு நாடாவை மிதித்துக்கொண்டு நிற்பார். சாச்சா மின்சார சபை அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டுச் சத்தம் போடுவார். உம்மா படைக்காரனுக்குத் தெரிந்த சிங்களத்திலும் தெரியாத தமிழிலும் ஏசுவாள். இந்த நேரத்தில் நீங்கள் செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று: "நான் அப்பவே சென்னன்" என்று சொல்வது. அந்த வாக்கியத்தால் கரையோரத்தில் உடைந்த குடும்பங்கள் அரசால் உடைந்தவற்றுக்குக் குறைந்தவையல்ல.

அஸருக்குப் பிறகு எல்லோரும் முற்றத்தில் கூடுவார்கள். என்ன செய்வது என்ற பேச்சு எழும். சாலை மறியல், ஹர்த்தால், வழக்கு, ஹக்கீமுக்குக் கோல் எடுப்பது என்று எல்லாம் வந்து, கடைசியில் எந்தத் தலைமுறைக்கும் தெரிந்த அந்த ஒரு முடிவில் நிற்கும்: மகஜர் எழுதுவது. பல்கலைக்கழகம் போனவர், மும்மொழி தெரிந்தவர், எழுதத் தெரிந்தவர் என்று பார்த்தால் வீட்டில் நீங்கள்தான். வாப்பா மேசையைத் துடைத்துக் கதிரையைப் போட்டுக் கொடுப்பார்.

"மேன்மைதங்கிய ஜனாதிபதி அவர்களுக்கு" என்று தொடங்குங்கள். "மேன்மைதங்கிய" என்பதை நீங்கள் விட்டுவிட்டால் வாப்பா கண்ணாடி போட்டுக் கண்டுபிடிப்பார். கச்சேரிக்கும் தொல்லியல் திணைக்களத்துக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் பிரதி. 1950களின் உறுதி இருந்தால் நிழற்படப் பிரதி மட்டும், மூலப் பிரதி உம்மாவின் பெட்டியிலேயே இருக்கட்டும். சிங்களப் பிரதி மேலே, தமிழ் கீழே. கடைசியில் "தங்கள் கீழ்ப்படிவுள்ள" என்று போடச் சொல்வார்கள். "இங்ஙனம்" என்று போட்டு ஒப்பேற்றிவிடலாம், அந்த அளவு கொள்கைக்கு இடமிருக்கிறது. பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள், மஃரிபுக்கு முன் வாப்பா கேட்பார்.